ஏலத்தில் போன பொலிஸ் ஜீப்: முதலில் வயரா, சீட்டா?

கேள்வி, 2025 மே 3, வெலிமடையிலிருந்து

பொலிஸிலிருந்து ஏலத்தில் போன லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 ஒன்றை, அதை ஏலத்தில் எடுத்தவரிடம் வாங்கியிருக்கிறேன் அண்ணே. 300டிடிஐ எஞ்சின், அதில் குறையில்லை. ஆனால் கூரையில் லைட் பட்டி இருந்த இடமெல்லாம் ஓட்டை. டெஷ்போர்ட்டில் ரேடியோ மாட்டிய தகடு. காலடியில் எங்கே போகிறது என்றே தெரியாத வயர்கள். முன் சீட்டுக்குப் பின்னால் கம்பிக் கூண்டு. இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் பெட்டரி இறங்கிவிடுகிறது. குஷன் கடைக்காரர், "முதலில் சீட், கூரை, கார்பெட் எல்லாம் அடித்து முடிப்போம், வயரைப் பிறகு பார்க்கலாம்" என்கிறார். கிழங்கும் கரட்டும் ஏற்ற வேண்டும். வார இறுதியில் பட்டிப்பொல வழியாக ஹோர்ட்டன் சமவெளிக்கு ஆட்களைக் கூட்டிப்போகவும் யோசனை. அவர் சொல்கிறபடி செய்யலாமா?

மே 3, இரவு

வேண்டாம் தம்பி. குஷன்காரர் தன் வேலையை வைத்துச் சொல்கிறார். அவர் கூரை அட்டையை ஏற்றி ஒட்டிய பிறகு லைட் பட்டியின் வயரைத் தேட, அந்த அட்டையைத்தான் திரும்பக் கிழிக்க வேண்டியிருக்கும். முதலில் கரன்ட், அடுத்து ஓட்டை, அதற்கு அடுத்து நல்ல மழையில் நிறுத்தி வைத்துத் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது. துணியும் ரெக்சினும் கடைசியில்.

நானும் இதே மாதிரி வண்டிதான் வைத்திருக்கிறேன், தலவாக்கலையில். மச்சானின் கராஜுக்கு ஏலத்தில் போன வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய ஜீப்புக்கு விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்ட பிறகும் எங்கள் ரோட்டுக்கு எங்கள் காசில் கிடைப்பது இந்த வண்டிகள்தான். அதனால் ஒவ்வொன்றாக விரிவாக எழுதுகிறேன்.

மே 4

வயர்.

பெட்டரி இடது சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட் மெத்தையை எடுத்து மூடியைத் திறந்து பாருங்கள். கம்பனி போட்ட தடித்த வயர்களைத் தவிர, பிளஸ் முனையில் வளைய முனை வைத்து முறுக்கிய வேறு வயர்கள் இருக்கும். அவைதான் பிறகு பூட்டியவை. சைரனுக்கு ஒன்று, லைட் பட்டிக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று என்று நேராகப் பெட்டரியிலிருந்து எடுத்திருப்பார்கள். பியூஸ் பெட்டியைத் தொட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கிறவருக்கு ஒன்றும் அகப்படுவதில்லை.

மைனஸைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கடைசியில் பூட்டுவதும் மைனஸைத்தான்.

பிறகு பிளஸ் முனையிலுள்ள அந்த உபரி வயர்களைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் காகிதத் துண்டு ஒட்டி எண் போடுங்கள். அப்புறம் அடுத்த முனையைத் தேடிப் போங்கள். வயரை மெதுவாக இழுத்தால் சீட் பெட்டிக்குள் எந்தக் கட்டு அசைகிறது என்று கைக்குத் தெரியும். கட்டுகளை அவிழ்த்து முழு வயரையும் வெளியே எடுங்கள். பாதியில் வெட்டிப் போட்டு டேப் சுற்றுவது பெரிய ஆபத்து. பெட்டரிப் பக்கம் உயிரோடு இருக்கிற ஒரு துண்டு வயர், சீட் பெட்டியின் தகட்டில் உரசி உரசி உறை தேய்ந்தால், இடையில் பியூஸ் இல்லாத இடத்தில் வயரே அடுப்புக் கம்பியாகிவிடும். கரிந்த சீட் பெட்டி ஒன்றைக் கராஜில் பார்த்திருக்கிறேன். சீட்டின் அடி ஸ்பொஞ்சு உருகித் தகட்டோடு ஒட்டியிருந்தது. ஓட்டிவந்த பையன் நல்ல வேளையாகக் கடைக்கு இறங்கியிருந்தான்.

டெஷ்போர்ட்டுக்குக் கீழே நீல நிறத்தில் நகத்தளவு பிளாஸ்டிக் கிளிப்புகள் இருக்கும். ஓடுகிற வயரின் தோலைக் கிழித்து அதிலிருந்து இன்னொரு வயருக்குக் கரன்ட் எடுக்கிற கிளிப். எங்கள் ஈரத்துக்கு அது ஆகவே ஆகாது. திறந்தால் உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும். கிளிப்பை எடுத்துவிட்டு, பச்சையான இடத்தை வெட்டி, ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு மூடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 300டிடிஐ எஞ்சின் ஓடுவதற்குக் கம்ப்யூட்டர் கிடையாது. டீசல் பம்பில் உள்ள நிறுத்துச் சுருளுக்கு 12 வோல்ட் போனால் போதும். அந்த ஒற்றை வயரை பொலிஸ் வயர் என்று நினைத்து எடுத்துவிட்டால் வண்டி நின்றுவிடும். பம்பின் பின்பக்கம் போகிற வயரைத் தொடாதீர்கள்.

மே 4, மத்தியானம்

பதுளையிலிருந்து ஒருவர், தன்னுடையது டிடி5 எஞ்சின், இதே முறைதானா என்கிறார். இல்லை. உங்களுடையதில் சீட்டுக்கு அடியில் கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. கண்டதையும் பிடுங்க வேண்டாம். பெட்டரி முனையிலிருந்து போகிற உபரி வயர்களை மட்டும் எடுங்கள். அப்படியே அந்தப் பெட்டியின் சிவப்புப் பிளக்கைக் கழற்றி எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜெக்டர் வயர் வழியாக எஞ்சின் எண்ணெய் அங்கே வரை ஊறி வருவது டிடி5இல் தெரிந்த நோய்.

மே 7

தம்பி உபரி வயர்களை எடுத்த பிறகும் பெட்டரி இறங்குகிறதாம். அளந்து பாருங்கள். மைனஸ் வயரைக் கழற்றி, அதற்கும் பெட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகி வையுங்கள். கதவுகள் மூடியிருக்க வேண்டும், சாவி வெளியே இருக்க வேண்டும். மீட்டர் இப்படி இருக்கும்போது ஸ்டார்ட் அடிக்கவே கூடாது, மீட்டர் போய்விடும்.

50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் விட்டுவிடலாம். அரை ஆம்பியர் என்று காட்டினால் கணக்கைப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி. 70 ஆம்பியர் மணி பெட்டரி மூன்று நாளில் பாதிக்குமேல் காலி. நுவரெலியா பக்கம் ஜனவரி, பெப்ரவரிக் குளிரில் பெட்டரியின் பலமும் குறைந்துவிடும், டீசலுக்கு ஹீட்டர் பிளக் வேறு இழுக்கும். காலையில் தள்ளித்தான் எடுக்க வேண்டும்.

மீட்டர் அதிகம் காட்டினால் இப்போது பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கலாம். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழிதான்.

மே 8

உள்விளக்கு வழி என்று கண்டுபிடித்துவிட்டார். இரவில் கதவைத் திறந்தாலும் விளக்கு எரியாமல் இருக்க யாரோ ஒரு ஸ்விட்ச்சை இடையில் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து இன்னொரு வயர் போய்க் கூரைக்குள் மறைந்த சின்ன ரிலே ஒன்றை இரவு பகலாகப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. தொட்டால் இளஞ்சூடாக இருந்ததாம். கூரை அட்டையை ஒட்டியிருந்தால் அந்தச் சூடு யார் கைக்குத் தெரிந்திருக்கும்?

மே 11

கூரை ஓட்டைகள். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் பாதி வண்டிகள் இங்கேதான் கெட்டுப்போகின்றன.

லேண்ட் ரோவர் 1948இல் வந்தபோதே மேல் தகடுகள் அலுமினியம். யுத்தம் முடிந்த காலம், இரும்புக்குத் தட்டுப்பாடு. அந்த வழக்கம் டிஃபெண்டர் வரை வந்தது. சேசிஸ் இரும்பு, காலடிச் சுவர் இரும்பு, கூரையும் மட்கார்டும் அலுமினியம். லைட் பட்டியையும் ஏரியலையும் பூட்டியவர்கள் இரும்பு போல்ட் போட்டிருப்பார்கள். இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் மழைத் தண்ணீர் இருந்தால், அலுமினியம் கரையும். போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள், ஓட்டையைச் சுற்றி வெள்ளைத் தூள் நிற்கும். பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருக்கும், விரலால் அழுத்தினால் பொருபொருவென்று உதிரும்.

அந்தத் தூள் முழுவதும் போகும்வரை தேயுங்கள். பளபளப்பான உலோகம் தெரிய வேண்டும். அலுமினியத்துக்கான அடிப் பெயின்ட், எட்ச் பிரைமர் என்று கேட்டால் தருவார்கள், அதை அடியுங்கள். சின்ன ஓட்டைக்கு ரப்பர் மூடி ஒன்றும், அதைச் சுற்றி பொலியூரித்தேன் சீலரும் போதும். பெரிய ஓட்டைக்கு உள்பக்கமாக அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி, ஓரமெல்லாம் சீலர் பூசி, அலுமினிய ரிவெட் அடியுங்கள். ரிவெட்டும் அலுமினியம்தான் என்பதை ஹார்ட்வெயார் கடையில் கேட்டு வாங்குங்கள். இரும்பு ரிவெட்டைப் போட்டால் கழற்றிய நோயையே திரும்பப் பூட்டியதாகிவிடும்.

வெல்ட் பண்ணலாமா என்றும் தம்பி கேட்டிருந்தார். அலுமினியத்துக்கு டிக் வெல்டிங் வேண்டும், அதைச் சரியாகச் செய்கிற கை எங்கள் டவுன்களில் குறைவு. மெல்லிய கூரைத் தகடு சூட்டில் அலை அலையாக நெளிந்துவிடும். ரிவெட் போதும்.

மே 12

"பட்டி மா பூசி பெயின்ட் அடித்தால் ஓட்டை தெரியாதே?" தெரியாதுதான். ஆனால் டிஃபெண்டர் கூரை ஓட ஓட அசைகிற கூரை. தோட்டப் பாதையில் ஒரு மாதம் ஓடினால் பட்டி விளிம்பு விட்டுவிடும், மயிரிழை வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். பட்டிக்குப் பின்னால் தகடு இல்லாமல் ஒருபோதும் மூட வேண்டாம்.

மே 13

காலத்தைச் சொல்ல விட்டுப்போனது. எங்களுக்கு, அதாவது ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கம், இனி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. சீலர் காயாது. தம்பி, நீங்கள் ஊவாப் பக்கம். உங்களுக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் காய்ந்த காற்று. கூரை வேலையை அந்த மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். உங்கள் மழை வருட முடிவில் வரும், வந்தால் விடாது.

மே 18

பக்கவாட்டு ஸ்டிக்கர். தலைமயிர் காய வைக்கிற மெஷினால் சூடாக்கி, ஒரு மூலையிலிருந்து தாழ்வான கோணத்தில் மெதுவாக இழுங்கள். இரும்புத் தகட்டால் சுரண்டாதீர்கள், பழைய பிளாஸ்டிக் அட்டை போதும். மிஞ்சுகிற பசைக்கு மண்ணெண்ணெய்த் துணி, பிறகு சோப்புத் தண்ணீர்.

ஸ்டிக்கர் போனாலும் எழுத்து போகாது. அடியில் இருந்த பெயின்ட் வெயில் படாமல் புதிதாக இருக்கும், சுற்றி வெளுத்திருக்கும். சிங்களம், தமிழ், ஆங்கிலம், மூன்றிலும் பொலிஸ் என்று கதவில் வாசிக்கலாம். கட்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் மங்கும். என்னுடையதில் மங்கியது என்றுதான் நினைத்திருந்தேன். மூடுபனியில் கதவு நனைந்தால் எழுத்து திரும்ப எழும்பியது. கதவு இரண்டையும் முழுதாகப் பெயின்ட் அடிக்க வைத்த பிறகுதான் போனது.

நான் ஏன் இதற்கு இவ்வளவு செலவழித்தேன் என்று வீட்டிலேயே கேட்டார்கள். எழுத்தோடு ஓடித் திரிந்த நாட்களில், கொழுந்து நிறுத்துவிட்டு மேல் பாதையால் வருகிற பெண்கள் என் வண்டியைக் கண்டதும் ரோட்டோரக் கானுக்குள் இறங்கி நிற்பார்கள். கை காட்டி வாருங்கள் என்று கூப்பிட்டாலும் ஏற மாட்டார்கள். ஒரு கிழவி தலைச் சாக்கை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்றார். அவருக்கு என்னைத் தெரியும், என் அம்மாவையும் தெரியும். 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த பிறகு, பிள்ளைகளைத் தேடி இந்த மாதிரி ஜீப் வந்து நின்ற இரவுகளைப் பார்த்தவர்கள் லயங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் எஞ்சின் சத்தத்துக்கே கதவைச் சாத்துகிறவர்கள். எழுத்தையாவது எடுத்துவிடலாம் இல்லையா? எனக்கு இந்த வேலை முழுவதிலும் முக்கியமானது இதுதான். பெட்டரியும் கூரையும் வண்டிக்காகச் செய்கிறோம், இதை ரோட்டில் நடக்கிறவர்களுக்காகச் செய்கிறோம்.

மே 19

கினிகத்தேனையிலிருந்து ஒரு சகோதரர்: "நீல லைட்டை வைத்துக்கொண்டால் பஸ்காரர்கள் வழி விடுவார்கள், அதைக் கழற்றச் சொல்வது வீண்."

இல்லை அண்ணே. நீல லைட்டும் சைரனும் பொலிஸ், அம்புலன்ஸ், தீயணைப்பு மாதிரி சேவைகளுக்கு உரியவை. தனியார் வண்டியில் இருந்தாலே குற்றம். போட்டுக்கொண்டு ஓடினால்தான் குற்றம் என்று நினைக்காதீர்கள். 2025 தொடக்கத்தில் அரசாங்கத்தின் க்ளீன் ஸ்ரீலங்கா திட்டம் என்று சொல்லி உபரி லைட், உபரி ஹோர்ன் எல்லாவற்றையும் ரோட்டிலேயே கழற்ற வைத்ததைப் பார்த்தோம். சட்டத்தை விட்டுவிடுவோம். கினிகத்தேனை வளைவில் உண்மையான அம்புலன்ஸ் வரும்போது எதிரே வருகிற சாரதி "இது யாரோ பழைய ஜீப்காரன்" என்று நினைத்து வழி விடாமல் போனால்? டிக்கோயாவில் பிரசவ வலியோடு ஏற்றிய பெண் அந்த அம்புலன்ஸில் இருக்கலாம். கழற்றிவிடுங்கள்.

மே 20

சைரன் ஸ்பீக்கரை மறந்துவிட்டேன். முன் பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு நேர் முன்னால் பூட்டியிருப்பார்கள். நல்ல கனம். ரம்பொடை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் சுமையோடு ஏறும்போது ரேடியேட்டருக்கு வருகிற காற்றை அது மறிக்கும். எடுத்துவிடுங்கள், எடுத்த பிறகு ரேடியேட்டரின் அந்த மூலையில் அடைத்திருக்கும் இலையையும் பூச்சியையும் கழுவுங்கள்.

மே 21

தம்பி சைரன் பெட்டியைக் கழற்றியதும் ஹோர்ன் செத்துவிட்டதாம். எதிர்பார்த்ததுதான். ஹோர்ன் ஸ்விட்ச்சையே சைரனுக்கும் பயன்படுத்த ஐந்து கால் ரிலே ஒன்றைப் போட்டிருப்பார்கள். காலில் எண் இருக்கும். 30க்கு ஸ்விட்ச்சிலிருந்து வருகிற வயர், 87ஏக்கு ஹோர்னுக்குப் போகிற வயர், 87க்கு சைரன். ரிலேயை எறிந்துவிட்டு 30 வயரையும் 87ஏ வயரையும் சேர்த்து ஈயம் வையுங்கள். ஹோர்ன் வரும்.

மே 25

காகிதம். வண்டியை வாங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டியவை, வாங்கியவர்களும் பாருங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள சேசிஸ் இலக்கம் வண்டியில் அடித்திருக்கும் இலக்கத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் இலக்கமும் அப்படியே. ஏலத்தில் விற்றதற்கான கடிதத்தையும் பணம் கட்டிய பற்றுச்சீட்டையும் முதல் கைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். நடுவில் இரண்டு பேர், வாங்குபவர் பெயர் எழுதாத திறந்த பத்திரத்தில் கையெழுத்து வைத்து மாற்றியிருந்தால் அந்த வண்டியே வேண்டாம்.

நிறத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து, சான்றிதழிலும் நிறம் மாற வேண்டும். கதவுக்கு மட்டும் அதே நிறத்தை அடித்தால் இது தேவையில்லை.

ரேடியோப் பெட்டியே வண்டியில் மிஞ்சியிருந்தால் போட்டுப் பார்க்காதீர்கள். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் அப்படியான கருவியை வைத்திருக்க முடியாது. விற்றவர் மூலமாகவே திருப்பிக் கொடுக்கச் செய்து, கொடுத்ததற்கு எழுத்தில் ஒன்று வாங்குங்கள். மிஞ்சுவது பொதுவாக ஏரியலின் அடிப்பாகமும் கேபிளும்தான். கேபிளை உள்ளே விட்டு வைக்க வேண்டாம், அதன் உறைக்குள் தண்ணீர் ஊறி வந்து டெஷ்போர்ட்டுக்குப் பின்னால் சொட்டும். ஏரியல் ஓட்டையை மூடாமல் சாதாரண வானொலி ஏரியலைப் பூட்டலாம். பொலிஸ் ஏரியல் கம்பி அரை மீற்றர் அளவு இருக்கும், எஃப்எம்முக்கு முக்கால் மீற்றர் நல்லது. பழைய கம்பியையே விட்டால் மலைக்குப் பின்னால் பாட்டு கரகரக்கும்.

ஜூன் 8

கம்பிக் கூண்டு. இரண்டும் ஒன்றாகத் தெரியும், ஆனால் வேறு வேறு. மேலே கம்பி வலை, அது பிறகு பூட்டியது, போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும். கீழே சீட்டுக்குப் பின்னால் குறுக்காக ஓடும் தகட்டுச் சுவர் சில வண்டிகளில் கம்பனியே போட்டது. உடம்பின் இரண்டு பக்கத்தையும் அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. பின் சீட்டுக்கு இடம் வேண்டும் என்று அதையும் வெட்டினால், பள்ளமும் மேடுமான பாதையில் உடம்பு முறுகும், கதவு இடுக்கு ஒருநாளைக்கு ஒரு மாதிரி இருக்கும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் அதே இடத்தில் குறுக்கே குழாய்ச் சட்டம் ஒன்றைப் பூட்ட வேண்டும்.

வலையைக் கழற்றிய நாளில் பின்பக்கம் வெளிச்சமானது. பிள்ளைகள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவேயில்லை.

ஜூன் 15

இப்போது குஷன்காரரைக் கூப்பிடலாம். ஆனால் அவரிடம் இவற்றைச் சொல்லி வையுங்கள்.

கதவு அட்டை: பழையது அமுக்கிய காகித அட்டை, ஈரத்தில் ஊதி வளைந்திருக்கும். அதையே அளவாக வைத்துப் புதிதாக வெட்டும்போது பிளாஸ்டிக் தகட்டிலோ, தண்ணீர் தாங்கும் பலகையிலோ வெட்டச் சொல்லுங்கள். கண்ணாடி ஓரத்தால் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயற்கை, கீழே உள்ள துளைகளால் அது வெளியே போக வேண்டும். அந்தத் துளைகள் செம்மண்ணால் அடைத்திருக்கும், ஒரு கம்பியால் குத்தி விடுங்கள். கதவின் வெளித்தகடு அலுமினியம், உள்சட்டம் இரும்பு, தண்ணீர் நின்றால் கூரையில் சொன்ன அதே கதை. அட்டைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு பொலித்தீன் தாள் இருக்கும். கிழிந்திருக்கிறது என்று எல்லோரும் அதை எறிந்துவிடுகிறார்கள். எறிந்தால் புது ரெக்சின் ஒரு மழைக்காலத்தில் கீழிருந்து கறுக்கும். தடித்த பொலித்தீனை வெட்டி ஒட்டுங்கள், அடி ஓரத்தைக் கதவுக்குள் மடக்கி விடுங்கள், அப்போதுதான் வழிகிற தண்ணீர் உள்ளே விழும்.

பூட்டுகிற பிளாஸ்டிக் கிளிப் பாதி உடையும். கொழும்பில் உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போகிறவரிடம் பழைய கிளிப் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். வாயால் சொன்னால் வேறொன்று வரும்.

கூரை அட்டை: தொங்குகிற துணியை உரித்ததும் அடியில் உள்ள ஸ்பொஞ்சு மஞ்சள் மாவாகக் கொட்டும். முகத்தை மூடிக்கொண்டு முழுவதையும் தூரிகையால் துடைத்து எடுக்க வேண்டும். அந்த மாவின் மேலேயே பசையைப் பூசினால் புதுத் துணி மாவோடுதான் ஒட்டும், வெயிலில் திரும்பத் தொங்கும். வெப்பம் தாங்கும் பசையைக் கேட்டு வாங்குங்கள்.

சீட்: பின் வாங்கில் (நீள இருக்கையில்) பழைய ரெக்சின் கிழிந்த இடத்தில் ஸ்பொஞ்சு தண்ணீர் குடித்திருக்கும். உறையை மட்டும் மாற்றி மணத்தை உள்ளேயே வைத்துத் தைக்க வேண்டாம். ஸ்பொஞ்சையும் மாற்றுங்கள்.

ஜூன் 16

கார்பெட் வேண்டாம். பண்டாரவளையிலிருந்து ஒரு அக்கா கோபித்துக்கொள்கிறார், குளிருக்குக் காலடியில் இதமாக இருக்குமே என்று. ஒட்டுகிற கார்பெட்டைத்தான் வேண்டாம் என்கிறேன் அக்கா. டிஃபெண்டரின் காலடிச் சுவர் இரும்பு. ஒட்டிய கார்பெட்டின் அடியில் உள்ள சணல் நெய்த பாய் ஈரத்தைப் பிடித்து வைக்கும், தகடு கீழிருந்து ஓட்டையாகும், நமக்குத் தெரியவே தெரியாது. தூக்கி வெயிலில் போடக்கூடிய ரப்பர் விரிப்பு போடுங்கள், அதன் மேல் நீங்கள் விரும்புகிற கம்பளத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 29

மே 4இல் உபரி வயர் முழுவதையும் வெளியே எடுக்கச் சொன்னேன். ஒன்றுக்கு மட்டும் விலக்குத் தரலாம் என்று இப்போது தோன்றுகிறது. சைரனுக்குப் போன தடித்த வயர் முன் பம்பர் வரை ஒழுங்காகக் குழாய்க்குள் ஓடியிருந்தால், உறையும் நல்லதாக இருந்தால், அதை வைத்துக்கொண்டு மூடுபனி லைட் இரண்டு போடலாம். 55 வாட் இரண்டு என்றால் ஒன்பது ஆம்பியர் அளவு. 100 வாட் சைரனும் ஏறத்தாழ அவ்வளவுதான் இழுத்தது. பெட்டரி முனைக்கு அருகில் 15 ஆம்பியர் பியூஸ், ரிலே ஒன்று, டெஷ்போர்ட்டில் பழைய சைரன் ஸ்விட்ச் இருந்த ஓட்டையில் புது ஸ்விட்ச். லைட்டைப் பம்பரின் கீழ்ப்பகுதியில் பூட்டுங்கள். கூரையில் போட்டால் பனி வெள்ளைச் சுவராக முகத்தில் அடிக்கும். நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் நடுவில் மாலையில் ஓட்டுகிறவருக்குத் தெரியும்.

மற்ற ஸ்விட்ச் ஓட்டைகளுக்கு, இரண்டு மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில் புதுப் பலகம் ஒன்று வெட்டி கறுப்புப் பெயின்ட் அடித்தால் போதும். தனித்தனியே மூடி தேடி அலைய வேண்டாம்.

ஜூலை 13

தம்பி பின் வாங்கைக் கழற்றியபோது கிடைத்தவை: பித்தளைச் சட்டைப் பொத்தான் ஒன்று, சிங்களத்தில் எழுதிய மடித்த தாள்கள், ஒரு சின்னச் சாவி. என்ன செய்வது என்கிறார். தாள்களை வாசித்துக்கொண்டிருக்காதீர்கள், யாரோ ஒருவருடைய முறைப்பாடாக இருக்கலாம், பெயரும் முகவரியும் இருக்கும். எல்லாவற்றையும் உறையில் போட்டுப் பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் கொடுத்து, கொடுத்ததைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பொத்தானைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்கவும் வேண்டாம்.

ஜூலை 14

கொடுத்துவிட்டாராம். தேத்தண்ணீர் தந்து அனுப்பினார்களாம். நல்லது.

ஆகஸ்ட் 24

கூரை மூடியாகிவிட்டது, ஓடையிலிருந்து பம்ப் வைத்து ஒரு மணி நேரம் தண்ணீர் அடித்துப் பார்த்தாராம், சொட்டு இல்லை. கதவும் பெயின்ட் அடித்தாகிவிட்டது. நாளை குஷன்காரர் கூரை அட்டையை ஏற்றுகிறார், வேறு ஏதாவது மிச்சமா என்று தம்பி கேட்கிறார்.

பின் கதவு ரப்பரின் மேல் மூலையைப் பாருங்கள், அங்கே வெட்டி இணைத்திருந்தால் இணைப்பு மேலே வரக்கூடாது, கீழே வர வேண்டும். அப்புறம், அட்டையை ஏற்றும் முன் முன்கம்பத்திலிருந்து பின்கதவு வரை கூரை ஓரமாக மெல்லிய நைலோன் கயிறு ஒன்றை விட்டு, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு வையுங்கள். பின்னாளில் உள்விளக்குக்கோ கமராவுக்கோ வயர் இழுக்க வேண்டி வந்தால், அந்தக் கயிற்றின் முனையில் கட்டி இழுத்துக்கொள்ளலாம், அட்டையைத் தொட வேண்டியதில்லை.